இரண்டு கல்லுக்கு நடுவே

வடலிவிளையின் இளவட்டக்கல் வரிசையிலிருந்து ஜிம்முக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்

திசையன்விளைக்குப் பக்கத்தில் வடலிவிளை என்றொரு ஊர். வடலி என்றால் இளம்பனை. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் பனைக்குப் பேர்போன சீமையில் இருக்கும் இந்தச் சின்னக் கிராமம், பொங்கல் சமயத்தில் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் தலைகாட்டிவிடும். காரணம், அங்கே நடக்கும் இளவட்டக்கல் போட்டி. ஆண்களும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். விசில் பறக்கிறது. தோளுக்கு ஏறிய கல் முதுகுப்பக்கம் தொம்மென்று விழுகிறது. செய்தி அதோடு முடிந்துவிடும்.

எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது கற்களின் எடைப் பட்டியல். 45, 60, 80, 98, 114, 129 கிலோ. ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை கிலோ வித்தியாசம் என்று கழித்துப் பார்த்தேன். 15, 20, 18, 16, 15. ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அதையே சதவீதமாக மாற்றினேன். 45-லிருந்து 60-க்குப் போக மூன்றில் ஒரு பங்கு பலம் கூட வேண்டும். 60-லிருந்து 80-க்கும் அதே கணக்கு. 80-லிருந்து 98-க்கு 22 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்த கல்லுக்கு 16. கடைசிக் கல்லுக்கு 13.

மேலே போகப் போகப் படி சின்னதாகிறது! யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் உடம்பு பலம் ஏறுகிற விதத்துக்கு இந்த வரிசை அப்படியே பொருந்துகிறது. பலசாலிதான் பெரிய தாவல் தாவுவான் என்று நாம் நினைக்கிறோம். உண்மை தலைகீழ். புதிதாகத் தூக்க வந்தவன் மளமளவென்று ஏறுவான். பழகியவனுக்கு அடுத்த ஐந்து கிலோவுக்கு அரை வருஷம் ஆகும். ஜிம்மில் நான் பார்த்த அடிகளில் பெரும்பாலானவை, இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒரே எட்டில் தாண்டப் பார்த்ததால் வந்தவை. என் குறுக்கு பிடித்ததும் அப்படித்தான்.

“அண்ணாச்சி, நூறு போட்டுருவமா?”

எங்கள் பக்கம் முதுகுவலி என்று அவ்வளவாகச் சொல்ல மாட்டோம். இடுப்புக்குச் சற்று மேலே, வேட்டி முடிச்சு உட்காரும் உயரத்தில் பின்பக்கம் இருப்பது குறுக்கு. அது வலிக்காது, ‘பிடிக்கும்’.

நாற்பத்திரண்டாவது வயதில் பாளையங்கோட்டையில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். நான்கு மாதம் ஒழுங்காகப் போய், டெட்லிஃப்டில் 70 கிலோ வரை வந்திருந்தேன். தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து, நின்று நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். ஒரு சாயங்காலம் பக்கத்தில் நின்ற பையன்கள் ஏற்றிவிட்டார்கள். “அண்ணாச்சி, நூறு போட்டுருவமா? ஒண்ணே ஒண்ணுதான், சும்மா.” போட்டுவிட்டார்கள். பார் தரையை விட்டுக் கிளம்பியது, முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. அப்போதே விட்டிருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்டி இழுத்தேன். குறுக்கில் ஈரத்துணியைப் பிழிந்தது போல ஒரு முறுக்கு. பத்து நாளைக்குச் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை.

வீட்டில் சுளுக்கு எடுக்கிற பாட்டியிடம் போகச் சொன்னார்கள். நான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். எதுவும் உடையவில்லை, தசைதான் இறுகியிருக்கிறது, படுத்துக் கிடக்காமல் நடமாடுங்கள் என்றார். சொன்னபடியே சரியாகிவிட்டது. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 70-லிருந்து 100-க்கு 43 சதவீதத் தாவல். வடலிவிளையில் 45 கிலோ தூக்குகிற புதுப்பையனிடம்கூட அந்த வரிசை இவ்வளவு கேட்பதில்லை.

இதைச் சொன்னதும், “அதான் சொன்னேனே, கனமா தூக்குனா இப்படித்தான்” என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு எத்தனை காயம் என்று அளப்பார்கள். பளுதூக்கும் வீரர்களுக்கும் பவர்லிஃப்டிங் வீரர்களுக்கும் இது சுமார் 1-லிருந்து 4 வரை. பாடிபில்டிங்கில் ஒன்றுக்கும் கீழே. புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கோ 17-ஐத் தாண்டுகிறது. காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவரைப் பார்த்து யாரும் “பாத்து, முட்டு போயிரும்” என்று அலறுவதில்லை. பாரைத் தொட்டால்தான் அலறுகிறோம். கல்லும் லாரி டயரும் தூக்கும் ‘ஸ்ட்ராங்மேன்’ போட்டிக்காரர்களுக்கு மட்டும் இந்த எண் 5-க்கு மேல் போகிறது. இளவட்டக்கல்லின் உறவுக்காரர்கள் அவர்கள்தான். காரணம் கல்லின் வடிவத்தில் இருக்கிறது.

உருண்டையும் கம்பியும்

இளவட்டக்கல்லுக்குப் பிடி கிடையாது. வழுவழுவென்று முழு உருண்டை. கல்லை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்துக் குத்தவைத்து உட்கார வேண்டும். இரு கையையும் கல்லுக்கு அடியில் கொடுத்து, விரல்களை மண்ணுக்குள் நுழைத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். முதல் கட்டம், கல்லைத் தொடைக்கு ஏற்றுவது. மடியில் கல் உட்கார்ந்ததும் பிடியை மாற்றி, பிள்ளையைத் தூக்குவது போல மேலிருந்து அணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இடுப்பை முன்னே தள்ளி எழுந்து கல்லை வயிற்றோடு உருட்டி நெஞ்சுக்குக் கொண்டுவருவது. மூன்றாவது, நெஞ்சிலிருந்து தோள். கடைசியில் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடுவது. ஜிம் பாஷையில் சொன்னால், முதல் கட்டம் டெட்லிஃப்ட், இரண்டாவது ஃப்ரண்ட் ஸ்குவாட். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வைக்கிறது ஒரு பாறை.

கருங்கல்லின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், 45 கிலோ உருண்டையின் குறுக்களவு சுமார் 32 சென்டிமீட்டர். 129 கிலோ உருண்டைக்குச் சுமார் 45. போட்டிகளில் பாரில் மாட்டுகிற பெரிய பிளேட்டின் குறுக்களவும் 45 சென்டிமீட்டர்தான். அதாவது பெரிய இளவட்டக்கல்லின் நடுமையமும், ஜிம்மில் தரையில் கிடக்கும் பாரும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர். வித்தியாசம் கை போகிற இடத்தில். பாரில் அந்த உயரத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். கல்லில் அதற்கும் கீழே, கிட்டத்தட்ட தரைவரை போயாக வேண்டும். அவ்வளவு ஆழம் போனால் யாருக்கும் முதுகு வளையத்தான் செய்யும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாரைக் கால் எலும்போடு உரசிக்கொண்டே ஏற்றலாம். கல்லின் நடுமையமோ வயிற்றிலிருந்து அதன் பாதி அகலம் தள்ளியே நிற்கும். கனமான கல் என்றால் எடையும் கூடும், தள்ளி நிற்கும் தூரமும் கூடும். 45 கிலோவிலிருந்து 129-க்குப் போகும்போது நடுமையம் ஆறேழு சென்டிமீட்டர் விலகிப் போகிறது.

ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பாருங்கள். அதே பையைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை மாறவில்லை, ஆனால் குறுக்குக்குத் தெரிகிற பாரம் மாறிவிட்டது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒரு தொழிலாளி தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. அந்தப் பொருள் உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதில் 50-ல் இருந்தால் அந்த அளவு அப்படியே பாதியாகிவிடும். நம் ஊர் சிமென்ட் மூட்டை 50 கிலோ என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கல் தூக்கும் ஆசை நம்மோடு நிற்கவில்லை. ஐஸ்லாந்தின் ஹூசாஃபெல் கல் 186 கிலோ. ஸ்காட்லாந்தில் இரும்பு வளையம் மாட்டிய இரண்டு டின்னி கற்களும் சேர்ந்து 332 கிலோ. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் கல் தூக்குவது இன்றும் ஊர்த் திருவிழா விளையாட்டு. எங்கும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் நம் கிழவர்கள் சொல்வதுதான்: கல்லை உடம்போடு ஒட்டு.

வளைந்தால் முறியுமா?

முதுகு வளையக் கூடாது, வளைந்தால் ஜவ்வு பிதுங்கிவிடும் என்று எல்லா ஜிம்மிலும் மிரட்டுவார்கள். இதில் பாதி உண்மை. குனிந்து தூக்கும்போது முதுகு எவ்வளவு வளைகிறது என்பதற்கும் பின்னாளில் குறுக்குவலி வருவதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் உறுதியாகத் தெரியவரவில்லை. நாற்று நடுகிற பெண்கள் நாள் முழுக்க வளைந்துதான் நிற்கிறார்கள். உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத் தாங்கும். பழகாத வளைவில் பழகாத எடையைத் திடீரென்று ஏற்றுவதுதான் வினை.

அதனால் புதியவருக்கு மாஸ்டர் சொல்கிற “முதுகை நேரா வை” நல்ல பாடம்தான். எலும்பு முறிந்துவிடும் என்ற பயத்துக்காக அதைச் சொல்ல வேண்டியதில்லை. நேராக வைத்தால் பாரம் இடுப்புக்கும் தொடைக்கும் போய்ச்சேரும். அங்கேதான் பெரிய தசைகள் இருக்கின்றன. பிருஷ்டத்தைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும், மாட்டுத்தொழுவக் கதவைக் கை நிறையச் சுமையோடு பின்னால் முட்டித் திறக்கிற மாதிரி. முழங்கால் லேசாக மடங்கினால் போதும். பார் காலை ஒட்டியே ஏற வேண்டும், ஒட்டியே இறங்க வேண்டும்.

அடுத்தது தம் கட்டுவது. மூட்டை தூக்குகிறவர்கள் தூக்குமுன் வயிறு நிறைய மூச்சிழுத்து அடக்கிக்கொள்வார்கள். வயிற்றுக்குள் காற்று அழுத்தமாக நின்றால் முதுகெலும்புக்கு முன்பக்கம் ஒரு முட்டுக்கொடுத்த மாதிரி. இது ஊருக்கே தெரிந்த வித்தை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், லெக் பிரஸ் மெஷினில் முழு எடையைத் தம் கட்டித் தள்ளியவர்களின் ரத்த அழுத்தம் உச்சத்தில் சராசரியாக 320/250 வரை போனது. சில வினாடிதான், இறக்கி வைத்ததும் இறங்கிவிடும். ஆரோக்கியமான இளைஞனுக்கு அது ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. அவருக்கு எடை குறைவாக, மூச்சை விட்டுக்கொண்டே செய்கிற முறைதான் சரி.

இடுப்பில் அகலப் பெல்ட் கட்டினால் காப்பாற்றும் என்பது இன்னொரு நம்பிக்கை. லாரியில் லோடு ஏற்றுகிற அண்ணாச்சிமார் துண்டை இறுக்கிக் கட்டுவதும் அதற்காகத்தான். பெல்ட், தம் கட்டின வயிறு முட்டிக்கொள்ள ஒரு சுவர். அவ்வளவே. வேலையிடத்தில் பெல்ட் கட்டுவதால் முதுகுக் காயம் குறையும் என்பதற்கு ஆதாரமில்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

கைக்கும் ஓர் எச்சரிக்கை. டெட்லிஃப்டில் பிடி வழுக்காமல் இருக்க ஒரு கையைத் திருப்பி, உள்ளங்கை வெளியே பார்க்கப் பிடிப்பார்கள். முழங்கைப் பக்கம் பைசெப்ஸ் தசைநார் அறுந்துபோகும் விபத்துகள் பெரும்பாலும் அந்தத் திருப்பிய கையில்தான் நடக்கின்றன. கல் தூக்குவதிலும் இதே கதை. கையை மடக்கி இழுக்கப் பார்ப்பவனுக்குத்தான் அறுகிறது. கை ஒரு கயிறு, கொக்கி அல்ல. நீட்டி வைத்துக்கொண்டு இடுப்பால் தூக்க வேண்டும்.

சத்துவாச்சாரிக்காரர் சொன்னது

தமிழ்நாட்டில் பளுதூக்குதல் என்றதும் நினைவுக்கு வருவது வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ்குமார் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அங்கே தூக்கியது 144-ம் 173-மாக 317 கிலோ. முதல் தங்கத்தைவிட 11 கிலோ குறைவு.

அதற்குக் காரணத்தை அவரே சொன்னார். போட்டிக்கு முன்பு தேசியப் போட்டியில் 194 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் முயன்றபோது தொடைத் தசையில் அடி. பதக்க நம்பிக்கையே போயிருந்தது, முழு உடல்தகுதி இல்லாமல்தான் மேடை ஏறினேன் என்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கிய மீராபாய் சானுவும், 2018-ல் குறுக்கு மக்கர் செய்ததால் ஆசிய விளையாட்டுக்கே போகவில்லை.

உலகத் தரத்துப் பயிற்சியாளர்கள் கூட இருந்தும் இவர்களுக்கு அடிபடுகிறது. அவர்கள் எல்லையில் நின்று விளையாடுகிறார்கள், அது அவர்கள் தொழில். கோல்டு கோஸ்டில் சதீஷ்குமார் செய்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும். உடம்பு எவ்வளவு தரும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி தூக்கினார். கிளாஸ்கோவின் எண்ணை விரட்டவில்லை. அன்றைக்கு 317 போதும், தங்கம் வந்தது.

யாருக்கு எந்தப் பயிற்சி?

ஜிம்முக்குள் நுழைந்தால் மெஷின்களின் கூட்டம் மிரட்டும். உடம்புக்குத் தெரிந்த வேலைகள் ஆறுதான். உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, முன்னே தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் ஏற்றுவது, சுமந்து நடப்பது. நம் பாட்டிமார் இந்த ஆறையும் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்தவர்கள். கிணற்று ராட்டினம் இழுப்பது, உலக்கை குத்துவது, ஆட்டுக்கல் சுற்றுவது, ஒரு பக்க இடுப்பில் குடம் வைத்து ஆற்றிலிருந்து வீடுவரை நடப்பது. இந்தக் கடைசி வேலையை இன்றைக்கு ஜிம்மில் ‘சூட்கேஸ் கேரி’ என்கிறார்கள். ஒரு கையில் மட்டும் டம்பெல் பிடித்துச் சாயாமல் நடக்க வேண்டும். குறுக்கின் பக்கவாட்டுத் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டால் பட்டியல் முடிந்தது. ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்-அப் அல்லது பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஓவர்ஹெட் பிரஸ், சுமை நடை. பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் வருஷ வழிகாட்டுதல். இரண்டு நாள் போதும். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து முறை, இரண்டு மூன்று செட். இன்னும் இரண்டு தூக்கலாம் என்று தெம்பு இருக்கும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும்.

ஆனால் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. நான் பிடித்துக்கொண்ட விதி இது: வேலையில் எதை நாள் முழுக்கச் செய்கிறோமோ, அதையே ஜிம்மில் போய்த் திரும்பச் செய்யாதே. எது விட்டுப்போகிறதோ அதைச் செய்.

கொற்கையையும் ஏரலையும் சுற்றி வாழைத்தோட்டங்கள். தார் வெட்டும் நாளில், தோளில் சும்மாடு வைத்து வாழைத்தாரைச் சுமந்து, வரப்பில் நடந்து லாரிக்கு ஏற்றுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்குக் குனிந்து எடுப்பதும் சுமந்து நடப்பதும் தினசரி வேலை. சாயங்காலம் ஜிம்முக்கு வந்து டெட்லிஃப்டும் போட்டால் குறுக்கு என்ன பாவம் செய்தது? அவர்களுக்கு வேண்டியது இழுக்கும் பயிற்சி, எப்போதும் ஒரே தோளில் சுமந்ததால் ஏற்படும் கோணலைச் சரிசெய்கிற பயிற்சி, நல்ல தூக்கம்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் இதற்கு நேரெதிர். நாள் முழுக்கக் கழுத்தும் தோளும் முன்னே வளைந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். நிமிர்வதும் இழுப்பதும்தான் அவர்களுக்கு மருந்து. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டி இழுத்தாலும் போதும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிகிற வயது அவர்களில் பலருக்கு. ஆஸ்திரேலியாவில் அந்த வயதுப் பெண்கள் 101 பேரை வைத்து நடத்திய ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம், கனமான டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ். எட்டு மாதத்தில் அவர்களின் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சியை வீட்டில் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. காயம் என்று பார்த்தால் ஒரே ஒருவருக்குக் குறுக்கில் லேசான பிடிப்பு. ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு வெயிட்டு’ என்கிறவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

கம்ப்யூட்டர் முன்னாலும் பைக் மேலும் நாளைக் கழிக்கிறவர்களுக்கு ஆறுமே விட்டுப்போயிருக்கும். ஆறையும் தொட வேண்டும், மிகச் சின்ன எடையில் தொடங்க வேண்டும். வெறும் பாரே 20 கிலோ. சின்ன பிளேட் மாட்டினால் பார் 22.5 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும், புதியவர் இளவட்டக்கல் தூக்குகிற ஆழத்துக்குக் குனிய நேரும். இரண்டு பக்கமும் அடியில் கட்டை கொடுத்து உயர்த்திக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகள் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுபோகும் என்பது எங்கள் ஊரில் இன்னும் சாகாத பயம். ஆள் கூட நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் அப்படி நடப்பதில்லை என்பதே குழந்தை மருத்துவர்களின் கருத்து. பிள்ளைகள் கெடுவது, பெரியவன் தூக்கிய எடையைத் தானும் தூக்கிப் பார்க்கிற போட்டியில்.

ஒன்றேகால் கிலோ

கல்வரிசையின் ஒரே குறை, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடியாது. 45-க்கும் 60-க்கும் நடுவே கல் இல்லை. பழைய இளவட்டங்கள் அந்த இடைவெளியை வருஷத்தால் நிரப்பினார்கள். தூக்கத் தெரிந்த கல்லையே திரும்பத் திரும்பத் தூக்கி, வயல் வேலையும் பனையேற்றமும் பார்த்து, உடம்பு முற்றிய பிறகு அடுத்த கல்லில் கை வைத்தார்கள். கல் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

ஜிம்முக்கு அந்தக் குறை இல்லை. மூலையில் கிடக்கும் 1.25 கிலோ பிளேட்தான் இருக்கிற சாமானிலேயே புத்திசாலியான சாமான். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் இரண்டரை கிலோ. 45-லிருந்து 60-க்கு ஆறு படி. ஒலிம்பிக் மேடையில்கூட ஒரு கிலோ ஒரு கிலோவாகக் கூட்டலாம் என்பதே விதி. உலகின் பலசாலிகள் அரைக்கிலோ பிளேட்டை வெட்கமில்லாமல் மாட்டுகிறார்கள். நம் பையன்கள் ‘இருபதுக்குக் குறைஞ்சு பிளேட்டா’ என்று சிரிக்கிறார்கள்.

குறுக்கு சரியானதும் நான் 40 கிலோவிலிருந்து திரும்பத் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டரை கிலோ. ஏறாத வாரத்தில் ஏற்றவில்லை. இடையில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு வெள்ளம். அந்த நூறு பத்தாவது மாதத்தில் வந்தது. அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

விடத் தெரிய வேண்டும்

கொற்கை இன்றைக்குக் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்வாங்கிய சிற்றூர். ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஆழத்துக்கு இறங்கியதும் ஒரு கல்லின் துணையோடுதான். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றி, தம் கட்டி இறங்குவார்கள். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார்கள். மேலே படகில் இருக்கும் ஆள் அதை இழுத்துக்கொள்வார். கல்லை விடுகிற நொடி தவறினால் உயிர் போகும்.

இளவட்டக்கல்லுக்கும் இதே இலக்கணம். தோளுக்கு ஏற்றிய கல்லை யாரும் பத்திரமாக இறக்கி வைப்பதில்லை, பின்னால் தள்ளிவிடுவார்கள். இறக்குவதில் குறுக்குக்குப் பாதிப் பாரம் என்பது தூக்கினவனுக்குத் தெரியும். அதற்காகவே மண்தரை, அதற்காகவே பின்னால் ஆளில்லாத இடம்.

ஜிம்மில் இந்தப் பாதி வித்தையை யாரும் கற்றுத்தருவதில்லை. மாடியில் டைல்ஸ் போட்ட தரை, கீழே ஜவுளிக்கடை, பார் விழுந்தால் ஓனர் கத்துவார். அதனால் தோற்றுப்போன தூக்கலையும் வெட்டி இழுத்து, வளைந்தபடியே மெல்ல இறக்குகிறோம். என் குறுக்கு பிடித்த கதையும் அதுதான். பெஞ்ச் பிரஸில் இது உயிருக்கே ஆபத்து. பார் கழுத்துக்கோ நெஞ்சுக்கோ மேல் இறங்கிவிட்டால் தனியாள் தப்புவது கஷ்டம். தனியாகச் செய்கிறவர் இரு பக்கமும் தாங்கும் கம்பியுள்ள ரேக்கிற்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் பாரைத் தாங்கிப் பிடிக்க ஸ்பாட்டர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்க வேண்டும்.

புதிதாக ஜிம் சேர்கிற தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான், “அண்ணாச்சி, எந்த ஜிம் நல்லாருக்கும்?” ஏசி இருக்கிறதா, மெஷின் புதுசா என்று பார்க்கச் சொல்லவில்லை. “ரெண்டு பாரு. ஒண்ணேகால் கிலோ பிளேட் இருக்கா. முடியலன்னா பாரப் போடத் தரையில ரப்பர் மேட் கெடக்கா. ரெண்டும் இருந்தா சேந்துக்க” என்றேன்.

எப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்?

குறுக்கிலிருந்து வலி காலுக்கு இறங்கி, கால் மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ நேராக அவசர சிகிச்சைக்கு.

முதல் சில நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு, தசை வீங்கி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அது உடம்பு அலுப்பல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தாமதிக்கக் கூடாது.

தூக்கும்போது ‘பட்’டென்று சத்தம் கேட்டு, கையில் தசை மேலே சுருண்டு கட்டியானால் தசைநார் அறுந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ தம் கட்டும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகிற கட்டி குடல் இறக்கமாக இருக்கலாம்.

நெஞ்சு அடைப்பு, மயக்கம், வெடித்தாற்போலத் தலைவலி. இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த செட்டை முடிக்க வேண்டியதில்லை.